மரப்பொந்திடம் பேசும் பிள்ளைகள்: சீனாவில் பதின்பருவத் தற்கொலை எண்ணங்களைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

சீனாவில் பிள்ளைகள் பரீட்சைக்குப் பயந்து உயிரை விடுகிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது முழுப் பொய் இல்லை, ஆனால் அரைகுறை. 'காவ்காவ்' என்ற அந்தக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு 2024-இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள். அப்படியென்றால் தூக்கம் வராமல் புரளும் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது, ஏன் ஒரு பிள்ளைக்கு அந்த எண்ணம் வருகிறது, பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கு வருவதில்லை? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கிற உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி எண்ணங்கள் வருகிறதென்றால் கட்டுரையை அப்படியே வைத்துவிட்டுப் போன் செய்யுங்கள். இந்தியாவில் டெலி மனஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926, சீனாவில் இருப்பவர்களுக்கு 12356. கட்டுரை எங்கேயும் போகாது.

சரி. தற்கொலை எண்ணம் என்ற சொல்லுக்குள்ளேயே பல படிகள் இருக்கின்றன. 'காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது', 'நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன' என்று மனசுக்குள் வந்து போவது ஒரு படி. சாக வேண்டும் என்றே தோன்றுவது அடுத்த படி. எப்போது, எப்படி என்று யோசிப்பது அதற்கும் மேல். கடைசியில்தான் முயற்சி. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். அன்ஹுய் மாகாணத்தின் சிசோவ் நகரில் 4 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான 1,241 பிள்ளைகளிடம் 2019 நவம்பரில் ஒருமுறையும், கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் திறந்த பிறகு 2020 மே மாதம் இன்னொரு முறையும் இதையெல்லாம் கேட்டார்கள். இரண்டாவது முறை கேட்டபோது எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 29.7 சதவீதம், திட்டம் வரை போனவர்கள் 14.6 சதவீதம், முயற்சி செய்ததாகச் சொன்னவர்கள் 6.4 சதவீதம். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே மூன்றும் 22.5, 8.7, 3.0 என்று இருந்தன.

பத்தில் மூன்று பேர் என்றதும் நெஞ்சு பதறும். பதற வேண்டாம், எண்ணம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முயற்சிக்குப் போவதே இல்லை. அதற்காக, 'இத்தனை பேருக்கு வருகிறது, வயசுக் கோளாறு, விடுங்கள்' என்று கையை உதறிவிடவும் கூடாது, ஏனென்றால் முயற்சி செய்தவர்களாகச் சொன்னோரின் பங்கு ஆறே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்த எண்ணிக்கை எங்கேயோ ஆணியடித்து மாட்டியது போல அசையாமல் நிற்பதில்லை, சூழ்நிலை இறுகினால் ஏறும், தளர்ந்தால் இறங்கும். ஆறுதலும் அதில்தான் இருக்கிறது.

சாகும் நோக்கம் இல்லாமல் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது தனி விஷயம். தாங்க முடியாத ஒரு உணர்ச்சியைச் சமாளிக்க அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வழி அது. சீனாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நடுநிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 22 சதவீதம் பேர் அப்படிச் செய்திருப்பதாகத் தெரிகிறது. இதுவும் தற்கொலை எண்ணமும் ஒன்றல்ல, ஆனால் பழக்கம் நீண்டுகொண்டே போனால் வலி பற்றிய இயல்பான பயம் தேய்கிறது. அது ஏன் முக்கியம் என்பதற்கு அடுத்துவரும் விளக்கம் உதவும்.

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். எனக்கு யாருமில்லை என்ற உணர்வு ஒன்று. நான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற உணர்வு இரண்டு. இவை இரண்டும் சேர்ந்தால் எண்ணம் வருகிறது. மூன்றாவதாக வலியின் மீதும் சாவின் மீதும் உள்ள பயம் போயிருந்தால் எண்ணம் செயலாக மாறும் ஆபத்து கூடுகிறது. பிரிட்டனில் ரோரி ஓ'கானர் என்பவர் தோல்வியையும் சிக்கிக்கொண்ட உணர்வையும் முன்னால் வைக்கிறார்: தோற்றுவிட்டேன் என்பதைத் தாங்கலாம், தோற்ற இடத்திலிருந்து வெளியே வர வழியே இல்லை என்பதைத்தான் தாங்க முடிவதில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சாவின் மீது ஆசை இல்லை, வலி நின்றால் போதும் என்றுதான் இருக்கிறது. இது புரிந்தால் பாதி புரிந்த மாதிரி.

இந்த 'பாரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். சீன மொழியில் 'துவோலெய்' என்பார்கள், இழுத்துப் பிடித்து அடுத்தவரையும் களைக்க வைப்பது என்ற பொருள். அன்ஹுய் மாகாணத்தில் மாவோதான்சாங் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, காவ்காவ் தொழிற்சாலை என்றே பெயர் வாங்கிய ஊர். பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டு, வேலையை விட்டு, பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அம்மாவும் கூடவே தங்குவதற்கு 'பெய்தூ' என்று பெயர், கூட இருந்து படிக்க வைப்பது. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பள்ளி வாசலில் பெற்றோர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள், பிள்ளை வந்து அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், நேற்று வந்த மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். கேட்கவே வேண்டாம். வாடகை, விட்டுவிட்டு வந்த சம்பளம், ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் அப்பா, எல்லாம் அந்தப் பாத்திரத்தில்தான் இருக்கின்றன. அன்பு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்த எண்ணம் வரும் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது இங்கேதான் தெரியும். 'எல்லாம் உன் நல்லதுக்குத்தான்' என்ற வாக்கியம் சீன வீடுகளில் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு கனமானது.

இன்னொரு பக்கம், ஒரு புதிர். 1995 முதல் 1999 வரையிலான காலத்தில் சீனாவில் ஒரு லட்சம் பேருக்கு 23 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தார்கள் என்று 2002-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. கிராமத்தில் நகரத்தைப் போல மூன்று மடங்கு, அதிலும் உலகத்தில் வேறெங்கும் அதிகம் பார்க்காதபடி ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அதன் பிறகு இந்த எண் சரியத் தொடங்கியது. 2010-இல் சுமார் 10.9, 2021-இல் சுமார் 5.3. இவ்வளவு பெரிய இறக்கத்தை அதிக நாடுகள் பார்த்ததில்லை. மனநல மருத்துவமனைகள் திடீரென்று பெருகியதால் வந்த இறக்கம் அல்ல இது. முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பலரும் சொல்வது, கிராமத்துப் பெண்கள் வெகுதூரம் தள்ளி இருக்கும் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பியது. புகுந்த வீட்டுச் சண்டையிலிருந்து, கையில் காசில்லாத நிலையிலிருந்து, ஒரு ரயில் டிக்கெட் வெளியே வழி காட்டியது.

ஆனால் அதே காலத்தில் பிள்ளைகளின் கோடு மட்டும் வேறு பக்கம் திரும்பியது. 5 முதல் 14 வயதுக்காரர்களிடையே விகிதம் 2010-இலிருந்தே ஏறிக்கொண்டு வந்தது, 15 முதல் 24 வயதில் 2017 வரை இறங்கிவிட்டு அப்புறம் வேகமாக ஏறியது. முழு எண்ணிக்கையில் பார்த்தால் சிறு பிள்ளைகளின் விகிதம் இன்னமும் பெரியவர்களைவிட மிகக் குறைவுதான், ஆனால் நாடே இறங்கும்போது அவர்கள் மட்டும் ஏறுவது சாதாரண விஷயம் அல்ல. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அம்மாவுக்கு வெளியே போக வழி கொடுத்த அதே ரயில்தான் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனது.

இப்படி ஊரில் விடப்பட்ட பிள்ளைகளைச் சீனாவில் 'லியூஷோவ்', அதாவது காவலுக்கு விடப்பட்டவர்கள் என்கிறார்கள். நகரத்தில் வேலை செய்யும் பெற்றோர் பிள்ளையையும் கூட்டிப் போகலாமே என்று கேட்கலாம். 'ஹுகோவ்' என்ற குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் அரசுப் பள்ளியும் சலுகையும் எளிதாகக் கிடைக்கும், காவ்காவும் பெரும்பாலும் அங்கே போய்த்தான் எழுத வேண்டும், இதுதான் சிக்கல். 2010 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இவர்கள் 6 கோடியே 10 லட்சம் என்றார்கள், 2016-இல் அரசு 90 லட்சத்துச் சொச்சம் என்றது. ஆறே வருஷத்தில் அம்மா அப்பா எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்களோ என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், வரையறையை மாற்றினார்கள். பெற்றோரில் ஒருவர் போயிருந்தாலும் முன்பு கணக்கில் வந்தது, பிறகு 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் இருவரும் வெளியே போயிருப்பவர்கள், அல்லது ஒருவர் போய், மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்கள் மட்டும். 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் 111 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டார்கள், அவற்றில் 91 சீனாவில் நடந்தவை. பெற்றோர் வேலைக்காகப் பிரிந்துபோன பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட 70 சதவீதம் அதிகம் என்று வந்தது. பணம் அனுப்புகிறார்கள், புத்தாண்டுக்குப் பெட்டி நிறையப் பொருட்களோடு வருகிறார்கள், ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு யாருமில்லை என்ற முதல் உணர்வு இங்கே எப்படி விளைகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆக ஒரே நாட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருத்திக்கு அம்மா இருபத்து நான்கு மணி நேரமும் பக்கத்தில், இன்னொருவனுக்கு அம்மா போன் திரையில். இரண்டு பேருக்குமே அந்த எண்ணம் வரலாம். 'ஆபத்துக் காரணி' என்ற சொல்லை அதனால்தான் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. காரணி என்றால் காரணம் அல்ல. இது இருந்தால் அது நடந்தே தீரும் என்று பொருள் இல்லை, இது இருக்கும் இடத்தில் அது கொஞ்சம் அதிகமாக நடக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு காரணிகள் எல்லார் வாழ்க்கையிலும் இருக்கும். மேலே மேலே அடுக்கும்போதுதான் சாய்கிறது.

அப்படி அடுக்கப்படுபவற்றில் பெரியது மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன். சீன அறிவியல் கழகத்தின் உளவியல் நிறுவனம் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில் பதின்பருவத்தினரில் 24.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன, கடுமையானது 7.4 சதவீதம் பேருக்கு. இது கேள்வித்தாளில் வந்த கணக்கு, மருத்துவர் பார்த்துச் சொன்னது இல்லை. இந்த வயதில் அது அழுகையாக வராமல் எரிச்சலாக, வயிற்று வலியாக, பள்ளிக்கு வரமாட்டேன் என்ற அடமாக வரும். பெரியவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஜியாவோசிங்', நம் ஊரில் சொன்னால் சீன் போடுவது. கஷ்டத்தைத் தின்று வளர்ந்த தலைமுறை அவர்களுடையது, 'கஷ்டத்தைத் தின்பது' என்பது சீன மொழியில் ஒரு பாராட்டுச் சொல். சோறு இருக்கிறது, தனி அறை இருக்கிறது, உனக்கு என்ன குறை என்று அவர்கள் கேட்பது கொடுமைக்காக இல்லை, உண்மையிலேயே அவர்களுக்குப் புரியவில்லை.

அடுத்தது தூக்கம். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஷான்தோங் மாகாணத்துக் கிராமப்புறத்தில் 1,362 மாணவர்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களிடமும் அடிக்கடி கெட்ட கனவு காண்கிறவர்களிடமும் தற்கொலை முயற்சி அதிகம் இருந்தது. அதே மாகாணத்தில் 2015-இல் 11,831 பேரோடு தொடங்கிப் பல வருஷம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வும் தூக்கத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் பாணி என்று நாடு முழுக்கப் பரவிய உறைவிடப் பள்ளிகளின் கால அட்டவணையைப் பாருங்கள், அதிகாலை ஐந்தரைக்கு எழுந்தால் இரவு பத்துக்கு மேல்தான் விளக்கு அணையும். நடுநிலைப் பள்ளிக்கு ஒன்பது மணி நேரம், மேல்நிலைக்கு எட்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று கல்வி அமைச்சகம் 2021-இல் உத்தரவே போட்டது. தூக்கத்துக்கு உத்தரவு போட வேண்டிய நிலைமை.

பரீட்சைக்கு வருவோம். வெளியே இருப்பவர்களுக்குக் காவ்காவ் மட்டும்தான் தெரியும், பல குடும்பங்களுக்கு அதைவிடப் பயம் தருவது பதினைந்து வயதில் வரும் 'ஜோங்காவ்'. இதில்தான் கல்லூரிக்குப் போகும் மேல்நிலைப் பள்ளியா தொழிற்கல்விப் பள்ளியா என்று பிரிக்கிறார்கள், கணிசமான பேர் தொழிற்கல்விக்கு. பதினைந்து வயதில் கதவு சாத்தப்படுவதாகப் பிள்ளையும் பெற்றோரும் நம்புகிறார்கள். வகுப்பறைச் சுவரில் தேர்வுக்கு இன்னும் இத்தனை நாள் என்று ஒரு பலகை, தினமும் காலையில் எண்ணை மாற்றுவார்கள். எல்லோரும் இன்னும் வேகமாக ஓடுகிறார்கள், ஆனால் யாரும் முன்னேறவில்லை என்ற நிலைமைக்கு 'நெய்ஜுவான்' என்ற சொல்லை இளைஞர்களே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொள்வது. 2021 ஜூலையில் அரசு வீட்டுப்பாடத்தைக் குறைத்தது, பாடங்களுக்கு லாபநோக்கில் நடந்த டியூஷன் நிறுவனங்களைத் தடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் வாசல் குறுகலாக இருக்கும்வரை தள்ளுமுள்ளு நிற்காது, டியூஷன் கொஞ்சம் ரகசியமாகி, இன்னும் விலை கூடியது.

வீட்டில் அடி, பெற்றோர் சண்டை, பள்ளியில் சீண்டல், முன்பே ஒருமுறை முயன்றிருப்பது, நெருங்கிய ஒருவரை இப்படி இழந்திருப்பது ஆகியவை எல்லா நாட்டிலும் உள்ளவை, சீனாவிலும் அப்படியே. இவற்றில் முன்பே முயன்றிருப்பதுதான் அதிகக் கவனம் கேட்பது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிவதில்லை? கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறார்கள். 2020 செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் உடல் பரிசோதனையோடு மனச்சோர்வுச் சோதனையையும் சேர்க்கச் சொன்னது சுகாதார ஆணையம். 2023-இல் 17 அரசுத் துறைகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டு, 2025-க்குள் 95 சதவீதப் பள்ளிகளில் மனநல ஆசிரியர் இருக்க வேண்டும் என்றன. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்பும் பிள்ளையின் இடத்தில் நின்று யோசியுங்கள். 'வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றியதுண்டா' என்பதற்கு ஆம் என்று போட்டால் வகுப்பாசிரியருக்குத் தெரியும், அடுத்து அம்மாவுக்குப் போன் போகும், வீட்டுக்குக் கூட்டிப்போய் மருத்துவமனைச் சான்று வாங்கி வாருங்கள் என்று சொல்லப்படலாம், 'சியூஷுவே' என்ற நீண்ட விடுப்பில் போனால் வகுப்பு முன்னே போய்விடும். புத்திசாலிப் பிள்ளை என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் பேனாவை மூடி வைக்கும். ஆபத்தைக் கண்டுபிடிக்க வைத்த வலையே பிள்ளையை மறைந்துகொள்ளச் சொல்கிறது. பள்ளிகள் மீது மட்டும் பழி போடவும் முடியாது, அசம்பாவிதம் நடந்தால் எல்லாரும் முதலில் வந்து வாசலில் நிற்பது பள்ளியைக் கேள்வி கேட்கத்தான்.

அப்போது அந்தப் பிள்ளைகள் எங்கே பேசுகிறார்கள்? மரப்பொந்தில். 2012-இல் ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். வெய்போ என்ற சீனச் சமூக வலைத்தளத்தில் அவர் விட்டுச்சென்ற கடைசிப் பதிவின் கீழே முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வலியை எழுதத் தொடங்கினார்கள், வருஷங்கள் ஓடி அது பத்து லட்சத்தையும் தாண்டியது. இப்படிப்பட்ட இடத்துக்கு 'ஷுதோங்' என்று பெயர், மரப்பொந்து, ரகசியத்தைச் சொன்னால் யாரிடமும் சொல்லாது. 2018-இல் ஹுவாங் சிஷெங் என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் அந்தப் பதிவுகளை ஒரு மென்பொருளை வைத்துப் படிக்கச் செய்து, ஆபத்து அதிகமாகத் தெரிகிறவர்களைத் தன்னார்வலர்கள் தொடர்புகொள்ளும் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். கேட்கும்போது வியப்பாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது, பக்கத்து அறையில் இருக்கிறவருக்குத் தெரியாதது ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்த அந்த ஹுவாங் எழுதிய நிரலுக்குத் தெரிகிறது.

இதில் தமிழ் வாசகர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு நடைமுறை விஷயம் உண்டு. நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. கேட்பதால் எண்ணம் வருவதில்லை, கூடுவதும் இல்லை என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுற்றி வளைக்காமல், சண்டை நடந்துகொண்டிருக்கும்போது கேட்காமல், இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போகும் பயணத்திலோ பாத்திரம் துலக்கும்போதோ, 'ரொம்ப நாளாச் சரியா இல்லையே நீ, சாகலாம்னு தோணுதா?' என்று கேட்கலாம். 'ஆமா' என்று வந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் கஷ்டமான வேலை. 'உனக்கு என்ன குறை', 'எங்களை நினைச்சுப் பாத்தியா' என்ற இரண்டையும் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது வாக்கியம் பாரத்தைக் கூட்டும். திட்டம் வரை போயிருந்தால் தனியாக விடாமல், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நெருக்கடி உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது, அதைக் கடக்க வைப்பதே பெரிய வேலை.

கதவு சாத்திவிட்டது என்று நம்பும் அந்தப் பதினைந்து வயதுக்கு வருகிறேன். தொழிற்கல்விப் பள்ளியிலிருந்தும் கல்லூரிக்குப் போகத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. விடுப்பில் போனவர் 'ஃபுஷுவே' என்று மனுப் போட்டு வகுப்புக்குத் திரும்பலாம். காவ்காவில் மதிப்பெண் போதாதவர்கள் இன்னொரு வருஷம் படித்து எழுதலாம், அந்த வருஷத்துக்கு 'காவ்ஸி' என்று ஒரு பட்டப்பெயரே உண்டு, மூன்று வருஷ மேல்நிலைக்கு நாலாவது வருஷம். திருமணமாகாத 25 வயதுக்குள் உள்ளவர்தான் எழுதலாம் என்று முன்பு ஒரு கட்டுப்பாடு இருந்தது, 2001-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2023-இல் சிச்சுவான் மாகாணத்தில் ஒருவர் தன் 56-ஆவது வயதில் 27-ஆவது முறையாக எழுதினார், ஊரே சிரித்தது, அவர் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போனார். இதெல்லாம் வகுப்பறைச் சுவரில் எழுதப்படுவதில்லை. அங்கே மிச்சமிருக்கும் நாட்களின் எண்ணிக்கை மட்டும்தான்.